இரண்டாம் பாகம் மேலா, முதல் பாகம் மேலா? டேவி ஜோன்ஸ் படத்தை முன்வைத்து

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 14, 2024

'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' வரிசையில் இரண்டாவதான 'டெட் மேன்ஸ் செஸ்ட்', முதல் படத்தைவிட மேல் என்பது என் கட்சி. கணவாய்த் தாடியோடு வருகிற பேய்க்கப்பல் தலைவன் டேவி ஜோன்ஸ் ஒருவனே போதும். ஆனால் யாரிடம் சொன்னாலும் "அது பாதிப் படம்" என்று தள்ளிவிடுகிறார்கள். பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதில் என்ன தேறும், என்ன தேறாது?

ஜூன் 14, வெள்ளி, இரவு 10.50

இல்லை. முதல் படம்தான் மேல்.

2003-ல் வந்த முதல் படத்தில் ஒரு சாபம், அதைத் தீர்க்க ஒரு வழி. திருடிய தங்கக் காசு அத்தனையும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும், ரத்தமும் கொடுக்க வேண்டும். நிலா வெளிச்சம் பட்டால் எலும்புக்கூடு. சின்னப் பிள்ளைக்குக்கூட இந்த விதி ஒரே தடவையில் புரிந்துவிடும். போட்ட முடிச்சு எல்லாம் கடைசியில் அவிழ்ந்தும்விடும். இரண்டாவது படமோ ஒரு பெட்டி, அதற்கு ஒரு சாவி, அந்தச் சாவியின் படம், துடிக்கிற இதயம், வடக்கைக் காட்டாத திசைகாட்டி, ஒரு ஜாடி மண் என்று அடுக்கிக்கொண்டே போய், எதையும் முடிக்காமல் விளக்கைப் போட்டுவிடுகிறது.

2006-ல் மும்பை சயானில் ஒரு திரையரங்கில் அக்காவோடு பார்த்தேன். முதல் படத்தில் செத்துப்போன வில்லன் பார்போசா படியிறங்கி வந்து பச்சை ஆப்பிளைக் கடித்ததும் திரை இருண்டது. பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் "இன்டர்வெலா?" என்று கேட்டார். 151 நிமிடம் உட்கார்ந்த பிறகு கேட்ட கேள்வி அது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஜூன் 14, இரவு 11.25

படுக்கப் போனவள் எழுந்து வந்து எழுதுகிறேன். இசையைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் படத்தின் அந்த மெட்டு கிளாஸ் பேடெல்ட் போட்டது. இரண்டாவதில் ஹான்ஸ் ஸிம்மர் வந்து அதையே எடுத்துப் பெரிதாக்கி வைத்தார். அடுத்தவர் போட்ட பாதையில் நடப்பதுதான் இந்தப் படத்தின் குணமே.

ஜூன் 15, சனி, காலை

டேவி ஜோன்ஸைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: அவன் விஷயத்தில் நான் எதையும் மறுக்கப் போவதில்லை.

எங்கள் தாத்தா தூத்துக்குடியில் தோணியில் போனவர். பாய் விரித்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணி. பின்னால் அப்பா பிழைப்புக்காக மும்பை வந்தார், நாங்கள் தாராவியில் வளர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் அப்பா என்னைக் கொலாபா சசூன் டாக்குக்குக் கூட்டிப்போவார். அங்கே தரையில் கணவாய் குவிந்து கிடக்கும். அப்போதுதான் பிடித்த கணவாயின் தோலைப் பார்த்திருக்கிறீர்களா? உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் அதன் மேல் புள்ளிகள் விரிந்து சுருங்கும், நிறம் ஓடும். உள்ளே இன்னும் ஏதோ நினைத்துக்கொண்டிருப்பதைப் போல இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் பயம். அப்பா வாங்கித் தரும் டீயைக் குடிக்கவும் மாட்டேன், அதிலிருந்து கண்ணை எடுக்கவும் மாட்டேன்.

டேவி ஜோன்ஸின் முகத்தில் அந்தத் தோல் இருக்கிறது. தாடி முழுக்கப் பேய்க்கணவாயின் கைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும். ஒரு கை நண்டுக் கொடுக்கு. அது முழுக்கக் கணினியில் செய்த உருவம். நடித்தவர் பில் நை. சாம்பல் நிற உடையும் முகத்தில் புள்ளிகளுமாக, மற்ற நடிகர்களோடு அதே கப்பல் தளத்தில் நின்று நடித்தார். அவருடைய அசைவுகளை அந்த இடத்திலேயே பதிவு செய்துகொண்டார்கள். பின்னால் தனியாக ஒரு ஸ்டுடியோவில் நிற்க வைத்து எடுத்திருந்தால் இந்த உயிர் வந்திருக்காது. எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பேச்சு அது. விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் கொடுத்தது ரொம்பச் சரி. இன்றைக்கு வருகிற படங்களில் பாதிக்கு இந்த 2006 முகத்தின் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனாலும் ஒரு பாத்திரம் நன்றாக இருப்பது வேறு, படம் நன்றாக இருப்பது வேறு.

ஜூன் 16, ஞாயிறு, மாலை

நேற்று மழை. அக்கா மகள் வீட்டில் இருந்தாள், பத்து வயசு. இந்த விவாதம் மண்டையிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் அவளையும் உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். போட்ட அஞ்சாவது நிமிஷமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்தப் படத்தின் தொடக்கத்தை நான் பார்த்ததே இல்லை. 2006-ல் அன்றைக்கு மழையில் லோக்கல் ரயில் நின்று நின்று வந்தது. நானும் அக்காவும் நனைந்துபோய் உள்ளே நுழையும்போது படம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு டிவியில் பார்த்ததெல்லாம் நடுவில் இருந்துதான். பதினெட்டு வருஷமாகத் தொடக்கம் தெரியாமலே இந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தொடக்கம் இதுதான். மழை கொட்டுகிறது. கடலோரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்ட நாற்காலிகள், மேஜைகள். தேநீர்க் கோப்பைகளில் மழைத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. கல்யாண உடையில் கதாநாயகி எலிசபெத் நனைந்தபடி மண்டியிட்டிருக்கிறாள், மாப்பிள்ளை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வில் டர்னரை விலங்கு போட்டு இழுத்து வருகிறார்கள். பேச்சே கிடையாது. முதல் படம் கல்யாணத்தின் வாசல்வரை கொண்டுபோய் விட்ட இரண்டு பேரை, இந்தப் படம் எடுத்த எடுப்பிலேயே கோப்பையோடு மழையில் போட்டுவிட்டது.

அதற்குள் கதையின் வேரே இருக்கிறது. வாரண்ட் வில்லுக்கு, எலிசபெத்துக்கு, கடற்படை அதிகாரியாக இருந்த நாரிங்டனுக்கு என்று மூன்று பேருக்கும். முதல் படத்தின் முடிவில் கொள்ளைக்காரன் ஜாக் ஸ்பாரோவைத் தப்பவிட்டதுதான் குற்றம். அப்போது நாம் கை தட்டினோமே, அந்த நல்ல காரியத்துக்குத்தான் இப்போது பில் வந்திருக்கிறது. தொடர்ச்சிப் படம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று முதல் நாள் எழுதினேன். அவிழ்த்ததற்கு என்ன விலை என்று இந்தப் படம் கேட்கிறது. இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

பொடிசு கேட்ட கேள்வி: "சித்தி, டேவி ஜோன்ஸ் கணவாய் வறுவல் சாப்பிடுவாரா?" படத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

ஜூன் 16, இரவு

இசை பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். முதல் படத்தில் பெயர் கிளாஸ் பேடெல்ட்டுடையதுதான். ஆனால் அதன் முக்கியமான மெட்டுகளை உருவாக்கியதிலேயே ஸிம்மருக்குப் பெரும்பங்கு உண்டு, இசைத் தயாரிப்பும் அவர்தான். ஆகவே இரண்டாவது படத்தில் அவர் அடுத்தவர் மெட்டை எடுத்துக்கொண்டார் என்று நான் எழுதியது தப்பு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

அதோடு, டேவி ஜோன்ஸ் தன் தாடிக் கைகளாலேயே ஆர்கன் வாசிக்கிற இடம் இந்தப் படத்துக்காகவே பிறந்த இசை. பெருங்கோயிலில் வாசிக்கிற வாத்தியம், அதைக் கடலுக்கடியில் போகிற கப்பலில் வைத்து, காதலில் நெஞ்சறுந்தவன் கண்ணீரோடு வாசிக்கிறான். அதே மெட்டு ஒரு சின்ன இசைப்பேழையில் மெல்லிசாக வரும்போது அவன் கதை மொத்தமும் பேச்சில்லாமல் தெரிந்துவிடுகிறது.

ஜூன் 18, செவ்வாய்

படத்தின் பெரிய குறைக்கு வருகிறேன். இதை மறுபடி பார்த்தும் மன்னிக்க முடியவில்லை. நரமாமிசம் தின்னும் தீவு.

ஜாக்கை ஒரு தீவுக்காரர்கள் தெய்வமாக்கி நெருப்பில் வாட்டப் பார்க்கிறார்கள். எலும்புக் கூண்டுகள் உருளுகின்றன, கம்பத்தோடு கட்டிய ஜாக் பள்ளம் தாண்டுகிறான். கால் மணி நேரத்துக்கு மேல் போகிறது. அந்தத் தீவை மொத்தமாக எடுத்துவிட்டால் கதையில் எது குறையும்? வில் வேறு எந்தத் துறைமுகத்திலும் ஜாக்கைச் சந்தித்திருக்கலாம். சிரிப்பும் உடம்பு சாகசமும் நன்றாக எடுத்திருக்கிறார்கள், கூண்டுக் காட்சிக்குப் பொடிசு சோபாவில் குதித்தாள். ஆனால் அவசரமாகத் தொடங்கிய கதை அங்கே போய்க் காலை நீட்டிப் படுத்துவிடுகிறது.

அதைவிட முக்கியமான விஷயம் வேறு. இந்தப் படத்தின் ஒரு பகுதியை டொமினிகா தீவில் எடுத்தார்கள். அங்கே இன்றும் வாழ்கிற கலினாகோ மக்கள் அந்தக் கடலின் பழங்குடிகள். ஐரோப்பியர்கள் அவர்களுக்கு வைத்த பெயர்தான் 'கரிப்', கரீபியன் கடலுக்கே அதிலிருந்துதான் பெயர் வந்தது. அவர்களை மனிதரைத் தின்பவர்கள் என்று எழுதிவைத்ததும் அந்த ஐரோப்பியர்கள்தான். நிலத்தைப் பிடுங்குவதற்கு அந்தப் பழி வசதியாக இருந்தது. அந்தப் பழியைத் திரும்பவும், அவர்கள் மண்ணிலேயே நின்று வேடிக்கையாகப் படம் பிடித்தார்கள். அப்போதே அவர்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. தாராவி என்றாலே நாலு சினிமாக்காரர்கள் காட்டிய கத்தியையும் சாக்கடையையும் மட்டும் நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் நான் இத்தனை வருஷமாக முகவரி சொல்லி வருகிறேன். அதனால் இந்தத் தீவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 19, புதன், இரவு

"அந்தச் சக்கரச் சண்டை வெறும் சர்க்கஸ்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நான்.

அந்தச் சண்டையில் மூன்று பேர். வில்லுக்குப் பெட்டிக்குள் துடிக்கிற டேவி ஜோன்ஸின் இதயம் வேண்டும், அதைக் குத்தி ஜோன்ஸைக் கொன்று, அவன் கப்பலில் அடிமையாகக் கிடக்கும் அப்பாவை மீட்க. ஜாக்குக்கும் இதயம் வேண்டும், ஆனால் ஜோன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும், அப்போதுதான் அவனை மிரட்டி, அவன் ஏவுகிற ராட்சதக் கடல் மிருகமான கிராக்கனைத் தடுக்கலாம். நாரிங்டனுக்கும் இதயம் வேண்டும், அதைக் கம்பெனி அதிகாரி பெக்கெட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்து இழந்த பதவியைத் திரும்ப வாங்க. ஒரே பொருள், மூன்று தேவைகள், மூன்றிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேர் சண்டையில் நாம் ஒருத்தன் பக்கம் சாய்ந்துவிடுவோம். இங்கே ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கம் மாறவேண்டியிருக்கிறது. யாரும் யாரோடும் அரை நிமிடத்துக்கு மேல் கூட்டுச் சேர முடியாது.

சண்டை கடற்கரையில் தொடங்கி, இடிந்த தேவாலயத்துக்குப் போய், கூரைக்கு ஏறி, ஆலையின் தண்ணீர்ச் சக்கரத்துக்கு வருகிறது. சக்கரம் கழன்று காட்டுக்குள் உருள்கிறது, அதன் உள்ளேயும் மேலேயும் நின்று வெட்டிக்கொள்கிறார்கள். நிஜமாகவே பெரிய சக்கரம் செய்து உருட்டினார்கள். கணினி உதவி இல்லாமல் இல்லை. ஆனாலும் உடம்பின் கனம் தெரிகிறது, கால் வழுக்குகிறது, மூச்சு வாங்குகிறது. உருளுகிறதில் ஒருத்தன் மேலே போனால் ஒருத்தன் கீழே வந்தாக வேண்டும். படத்தில் அவர்களுடைய நிலைமையும் அதேதான். ஜாக்கின் கை ஓங்கியிருக்கும்போதே கீழே வருகிறான், நாரிங்டன் கீழே கிடந்து மேலே வருகிறான். இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி இதை ஒருவர் வாயாலும் விளக்க வைக்கவில்லை. சக்கரமே சொல்லிவிடுகிறது.

எலிசபெத் மட்டும் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கிறாள், அவளை யாரும் கவனிப்பதில்லை. அவள் பொய்யாக மயங்கி விழுந்து பார்க்கிறாள், அதற்கும் யாரும் திரும்பவில்லை. அப்போது நானும் அவளைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

ஜூன் 22, சனி

இன்றைக்குக் கொஞ்சம் வழி மாறிப் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை பல்லார்ட் எஸ்டேட்டில், ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில். நாள் முழுக்க என் கையில் காகிதம்தான். எந்தச் சரக்கு யாருடையது, எந்தத் துறையில் யார் இறக்கலாம், எல்லாம் காகிதம் சொல்லும். காகிதம் சரியில்லை என்றால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் நின்றபடியே நிற்கும். இந்தப் படத்தில் டேவி ஜோன்ஸைவிட எனக்குப் பயமாக இருந்தவன் பெக்கெட். குள்ளமான ஆள், சத்தம் போடுவதில்லை, கத்தி எடுப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். கையெழுத்திட்ட காகிதத்தை நீட்டுகிறான், அவ்வளவுதான். அவன் அறைச் சுவரில் ஒருத்தன் பெரிய உலக வரைபடம் வரைந்துகொண்டே இருப்பான். உலகத்தில் வெற்றிடம் இல்லாமல் போகிறது என்பதைச் சொல்ல அந்தச் சுவரே போதும்.

சரித்திரப்படி பார்த்தால் கம்பெனிக்குக் கதை நடக்கிற ஜமைக்காவில் வேலையே இல்லை. 1600-ல் வாங்கிய பட்டயம் அதற்குக் கொடுத்த உரிமை நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே. கரீபியன் கடல் அதன் எல்லைக்கு வெளியே. சினிமாவுக்காக எல்லையை நீட்டிவிட்டார்கள். ஆனால் மும்பையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1668-ல் இங்கிலாந்து ராஜா இந்த ஊரையே வருஷத்துக்கு 10 பவுன் குத்தகைக்குக் கம்பெனியிடம் கொடுத்தார். நான் தினமும் ரயில் பிடித்து வருகிற ஊர், ஒரு காலத்தில் பெக்கெட் போன்ற ஒருவனின் மேஜைமேல் கிடந்த காகிதம்.

அதே கம்பெனி கடற்கொள்ளையன் என்று எழுதி வைத்த ஒருவர் இங்கே இருந்தார். கான்ஹோஜி ஆங்ரே, மராத்தியரின் கடற்படைத் தலைவர். கொங்கணக் கரையில் போகிற கப்பல்கள் தன் அனுமதிச் சீட்டை வாங்க வேண்டும் என்றார். வாங்காத கப்பலைப் பிடித்தார். 1712-ல் பம்பாய் கவர்னரின் படகையே பிடித்தார். 1721-ல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து அலிபாக்கில் அவருடைய கொலாபா கோட்டையைத் தாக்கித் தோற்றார்கள். 1729-ல் சாகும்வரை அவரை அசைக்க முடியவில்லை. சீட்டு கொடுத்துக் காசு வாங்குவதைக் கம்பெனி செய்தால் சட்டம், ஆங்ரே செய்தால் கொள்ளை. இன்று மும்பையில் கடற்படைத் தளம் ஒன்றுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைக்குக் கடல் வற்றுகிற நேரம் பார்த்து மணலில் நடந்தே போகலாம். நான் போயிருக்கிறேன். திரும்ப வருகையில் தண்ணீர் முழங்கால்வரை ஏறிவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் நடந்த வழியே காணோம். கடலை நம்பி வாழ்ந்தவரின் கோட்டை எப்படி இருக்கும் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

படத்துக்கு வருகிறேன். பெக்கெட் ஜாக்குக்குக் கொடுக்க நினைப்பதும் அதே காகிதம்தான். ராஜா பெயரில் கொள்ளையடிக்க அனுமதி. வாங்கிக்கொண்டால் நீ வேலைக்காரன், வாங்காவிட்டால் தூக்கு. இதைவிட நல்ல பகைமை கொள்ளையர் கதைக்குக் கிடைக்காது. படத்திடம் இது கையில் இருந்தது. ஆனால் பெக்கெட்டுக்குச் சில காட்சிகளே கொடுத்து, மிச்ச நேரத்தை நரமாமிசத் தீவுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் ஆத்திரம் அதுதான்.

ஜூன் 23, ஞாயிறு

குஞ்ஞாலி மரைக்காயர்களை விட்டுவிட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். விடவில்லை, அவர்களும் இதே கதைதான். கோழிக்கோட்டு சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள். போர்ச்சுகீசியருக்கு அவர்கள் கொள்ளையர். கடைசிக் குஞ்ஞாலியை 1600-ல் கோவாவில் கொன்றார்கள். தனி இழையாகவே பேச வேண்டிய விஷயம்.

ஜூன் 27, வியாழன், இரவு

"பாதிப் படம்" என்று முதல் நாள் நான் சொன்னதற்குத் திரும்புகிறேன். கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே எடுத்தார்கள். அதனால் இதில் விதைக்கிற பலதை அடுத்த படத்தில்தான் அறுக்கிறார்கள். அப்படி விதைத்து நிறுத்துவதை நான் குறை சொல்லவில்லை. தொடங்கி, ஓடவிட்டு, மறந்துவிட்டதைத்தான் குறை சொல்கிறேன். ஜோன்ஸிடம் ஜாக் பேரம் பேசுகிறான்: தன் ஒரு உயிருக்குப் பதில் மூன்று நாளில் நூறு உயிர். வில்லை முன்பணமாக வைத்தாயிற்று, மிச்சம் தொண்ணூற்றொன்பது. என்ன ஒரு பயங்கரமான கணக்கு! நல்லவனா கெட்டவனா என்று தெரியாத ஒருத்தன் தொண்ணூற்றொன்பது பேரை விற்பானா? டோர்டுகா துறைமுகத்தில் நாலு குடிகாரர்களைச் சேர்க்கிறார்கள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே காணோம். பெட்டியைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஒன்று என்னை ரொம்ப உறுத்துகிறது.

ஆனால் முழுமையாக முடிகிற ஒரு கதையும் உள்ளே இருக்கிறது. 2006-ல் நான் அதைக் கவனிக்கவே இல்லை. வில்லும் அவன் அப்பா பூட்ஸ்ட்ராப் பில்லும். ஜோன்ஸின் டச்மேன் கப்பலில் வில்லுக்குச் சவுக்கடி விதிக்கிறார்கள். அடிக்கிறவன் இரக்கமே இல்லாதவன், சதையைப் பிய்த்துவிடுவான். அப்பா அந்தச் சவுக்கைத் தன் கையில் வாங்கி மகனைத் தானே அடிக்கிறார். தன் கை என்றால் கொஞ்சமாவது குறைவாக விழும் என்று.

அப்புறம் தாயக்கட்டை ஆட்டம். ஆளுக்கு ஒரு குவளை, உள்ளே கட்டைகள். தன்னுடையது மட்டும்தான் தெரியும். எல்லார் குவளையிலும் சேர்த்து இன்ன எண் இத்தனை இருக்கும் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும், பொய் என்று பிடிபட்டால் தோல்வி. வில் தன் ஆயுசையே பந்தயம் வைக்கிறான், சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. அப்பா நடுவில் வந்து உட்காருகிறார். மகன் மாட்டுகிற நேரத்தில் வேண்டுமென்றே பெரிய பொய்யைச் சொல்லித் தான் தோற்கிறார். ஒரு வாள் இல்லை, ஒரு பீரங்கி இல்லை, மேஜையைச் சுற்றி மூன்று பேர். மொத்தப் படத்திலும் என் நெஞ்சு அடைத்தது அங்கேதான்.

எங்கள் அப்பா நாங்கள் படிக்கிற வயசில் இரண்டு வேலை பார்த்தார். ஒன்றைத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார். இன்னொன்று அவர் போன பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. வேறொன்றும் இல்லை, அந்த மேஜைக் காட்சியில் அது நினைவுக்கு வந்தது.

ஜூன் 30, ஞாயிறு

எலிசபெத். சக்கரச் சண்டையில் யாரும் கவனிக்காமல் விட்டவள். கடைசியில் இந்தப் படத்தைக் காப்பாற்றுகிறவள் அவள்தான்.

திசைகாட்டியை நினைத்துப் பாருங்கள். கையில் வைத்திருப்பவர் எதை அதிகம் விரும்புகிறாரோ அதன் பக்கம் முள் திரும்பும். ஜாக் கையில் அது நிற்காமல் சுற்றுகிறது, அவனுக்கு எது வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை. எலிசபெத் கையில் நிற்கிறது. ஆனால் ஒரு கட்டத்தில் ஜாக் பக்கமே திரும்பி நிற்கிறது, அவள் அதைப் பார்த்து முகம் மாறுகிறாள். முதல் நாள் இதைச் சாமான் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். அதற்குத் திரும்பவும் என் திருத்தம்: இந்தப் படத்தில் எல்லாரையும் நகர்த்துவது அந்த முள்தான்.

கிராக்கன் ஜாக்கின் கப்பலான பிளாக் பேர்லைச் சுற்றி வளைக்கிறது. ஜாக் ஒரு சின்னப் படகில் ஏறி நைசாக ஓடிவிடுகிறான். நடுக்கடலில் திசைகாட்டியைத் திறந்து பார்க்கிறான். திரும்பி வருகிறான். இந்தப் படத்தில் முதல் தடவையாக அவன் கையில் முள் நின்றிருக்கிறது. வெடிமருந்துப் பீப்பாய்களைச் சுட்டு எல்லாரையும் காப்பாற்றுகிறான். மிச்சமிருப்பவர்கள் படகில் இறங்குகிறார்கள். அப்போதுதான் எலிசபெத் அவனை முத்தமிட்டு, முத்தமிட்டபடியே கையைப் பாய்மரத்தோடு விலங்கில் பூட்டுகிறாள். கிராக்கனுக்கு வேண்டியது ஜாக் மட்டும்தான். அவன் கப்பலில் இருந்தால் மற்றவர்கள் பிழைப்பார்கள். அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஜாக் அவளைப் பார்த்துச் சிரித்து, 'நீயும் கொள்ளைக்காரிதான்' என்கிற மாதிரி ஒரே ஒரு சொல் சொல்கிறான். அதைவிடப் பெரிய பாராட்டு அவனிடம் கிடையாது.

அவன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியத்துக்கு உடனே தண்டனை. அவள் செய்த கொலைக்கு உடனே பலன், மிச்சமிருந்தவர்கள் உயிர். முத்தத்தை மட்டும் பார்த்துவிட்ட வில்லுக்கு மனசில் ஒரு முள். எல்லாரும் அமைதியாகத் துடுப்புப் போடுகிறார்கள். நல்லவள் என்று நாம் முதல் படத்திலிருந்து நினைத்த பெண்ணின் வாயில் பொய் இருக்கிறது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தாத்தா ஊரில் ஒரு பேச்சு உண்டாம்: நடுக்கடலில் தோணி கனத்தால் எதைத் தூக்கிப் போடுவது என்று தோணித் தலைவரான தண்டல் சொல்வதுதான் தீர்ப்பு. சரக்கைப் போடச் சொன்ன தண்டல்களைப் பற்றித்தான் கதை சொல்வார்கள். இவள் தண்டலையே போட்டுவிட்டுப் போகிறாள்.

இந்த இடம் முதல் படத்தில் எங்குமே இல்லை. முதல் படம் அழகான படம், இப்போதும் அதுதான் ஒழுங்கான படம் என்பேன். ஆனால் அதில் யாரும் யாருக்கும் இப்படி ஒன்றைச் செய்துவிட்டு அந்தக் கனத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாவது படத்தில் தீவை வெட்டி, நூறு உயிர்க் கணக்கை ஓடவிட்டு, பெக்கெட்டுக்கு இன்னும் அரை மணி கொடுத்திருந்தால், கேட்டவர் கட்சிக்கு நான் முழுசாக வந்திருப்பேன். இப்போது முக்கால் பங்கு வந்திருக்கிறேன். அந்த "இன்டர்வெலா?" கேட்டவருக்கு என்னிடம் இப்போது பதில் உண்டு. ஜாக்கைப் பூட்டிய அந்த விலங்குச் சத்தத்தில் படம் முடிந்துவிட்டது. பார்போசா ஆப்பிள் கடிப்பதுதான் அடுத்த படத்துக்கான டிக்கெட்.

ஜூலை 2, செவ்வாய்

கடைசித் தலைப்புகள் ஓடிய பிறகு ஒரு சின்னக் காட்சி இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. நரமாமிசத் தீவில் விட்டுவந்த ஒரு சிறைச்சாலை நாய் அரியணையில் உட்கார்ந்திருக்கும். பொடிசுக்கு அது ராஜா ஆனதில் சந்தோஷம். அடுத்து அவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை.

அவளுக்கு இப்போது மூன்றாவது படம் வேண்டுமாம். அக்காவும் வருகிறேன் என்கிறாள். அந்தப் படம் தூக்குமேடையில் தொடங்குகிறது, வரிசையில் ஒரு சின்னப் பையனும் நிற்பான், தூக்குக் கயிறு எட்டாமல் அவனைப் பீப்பாய் மேல் ஏற்றுவார்கள். இந்த முறை தொடக்கத்தை நான் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு அவளுக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.